சுமத்தப்பட்ட தவம்

தேகத்தைப் பேணுவது தருமம் என்பதில் நம் முன்னோர்க்குள் பெரிய கருத்து வேற்றுமை இருந்ததில்லை. எதன்பொருட்டுப் பேணுவது, எதுவரையில் பேணுவது, அது தன் தேகமாக இல்லாமல் பிறருடைய தேகமாக இருக்குமானால் அவருடைய விருப்பத்தை எந்த அளவுக்கு ஒதுக்கிவிட்டுப் பேணலாம் என்னும் கேள்விகளில்தான் அவர்கள் பலபடப் பேசியிருக்கிறார்கள். அவற்றுள் கடைசிக் கேள்வி, மடங்களிலும் பண்டித சபைகளிலும் எழுந்ததைக் காட்டிலும் அதிகக் கூர்மையுடன், இன்று நம் முதியோர் இல்லங்களில் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு எழுகிறது. எழுந்தும், அது தத்துவ விசாரத்துக்கு உரிய விஷயம் என்று எவருக்கும் தோன்றாததால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஓர் எண்ணாகப் பதிவாகி அவ்வளவோடு அடங்கிவிடுகிறது.

சென்னைக்குத் தெற்கே உள்ள ஓர் இல்லத்தில் நான் கண்டதைச் சொன்னால் விஷயம் விளங்கும். 86 வயதான ஒரு மூதாட்டி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய் உள்ளவர். ஞாபகம் பெரும்பகுதி போய்விட்டது. விடியற்காலையில் சிஸ்டர் வருகிறார். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் விரலைத் துடைத்து, ஈரம் உலரும்வரை காத்திருந்து (உலராவிட்டால் கணக்குத் தவறும்), விரல் நுனியின் நடுவில் குத்தாமல் வலி சற்றுக் குறைவான பக்கவாட்டில் லான்செட்டால் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளியை ஸ்ட்ரிப்பின் விளிம்பில் வைக்கிறார். சில விநாடிகளில் குளுக்கோமீட்டர் 142 என்று காட்டுகிறது. "என்னத்துக்கும்மா குத்துறே?" என்கிறார் மூதாட்டி. "சுகர் பாக்கணும்ல பாட்டி." "எனக்கா? எனக்கு ஏது சுகர்?" மதியச் சாப்பாட்டுக்கு முன்னும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும், படுக்கப் போகும் முன்னும் இதே கேள்வி, இதே பதில். சிஸ்டரின் குரலில் சலிப்பு இல்லை. கைத்திறனிலும் குறை சொல்ல முடியாது. இருந்தும், காரணம் அறிந்து பொறுத்துக்கொள்ளும் வலியை மனிதன் தன் வாழ்க்கையில் ஓரிடம் கொடுத்து இருத்திவிடுகிறான் என்பதும், காரணத்தை மறந்துவிட்டவருக்கு அப்படி இருத்திவைக்க ஓர் இடம் இல்லாமையால் அந்த வலி வெறும் உபாதையாக வந்து உபாதையாகவே போகிறது என்பதும் அந்த அறையில் நிற்கிற எவருக்கும் பிரத்தியட்சம்.

இந்த அளவை எடுப்பது மருந்துக்காக. பத்தியத்தாலோ, மெட்ஃபார்மின் மாத்திரை ஒன்றாலோ நோயை அடக்கிவைத்திருக்கும் முதியவரை நாள்தோறும் குத்திப் பார்ப்பதற்கு வைத்திய நியாயம் அதிகம் இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கணையத்தைத் தூண்டிவிடும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும்தான் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் அபாயம் உண்டு. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இளைஞனுக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். முதியவருக்கோ இந்த எச்சரிக்கைகள் மங்கிப்போயிருக்கும். பேச்சுக் குழறும், நடையில் தடுமாறி விழுவார், அல்லது ஒன்றும் செய்யாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "இன்னிக்குப் பாட்டி கொஞ்சம் டல்லா இருக்காங்க" என்று அதை முதுமையின் பற்றில் எழுதிவிடுவார்கள். காலையில் ஊசி போட்டாகிவிட்டது, பலகாரத் தட்டு வந்தது, அரை இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டார் என்றால், பதினோரு மணிக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. அதனால்தான் விவரம் தெரிந்த இல்லங்களில், மருத்துவரிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டு, சாப்பாட்டு இன்சுலினைச் சாப்பாட்டுக்குப் பிறகு, உள்ளே போனது எவ்வளவு என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போடுகிறார்கள்.

1922 ஜனவரியில் டொராண்டோ நகரத்து மருத்துவமனையில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டதற்கு முன்னால், இந்த நோய் கண்ட பிள்ளைகள் பட்டினிப் பத்தியத்தால் சில மாதங்களை நீட்டிக்கொண்டு மடிந்தார்கள். நீரிழிவோடு 86 வயது வரை இருக்க முடிகிறதே, அந்த அனுக்கிரகத்திலிருந்து பிறந்ததுதான் இன்றைய இந்தச் சங்கடம்; ஆகையால் வைத்திய சாஸ்திரத்தைக் குறை கூறும் நோக்கம் எனக்கு இல்லை. தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும் நேர்மையும் அந்தச் சாஸ்திரத்துக்கு இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த 'அக்கார்ட்' என்னும் பெரிய ஆராய்ச்சியில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை ஆறுக்குக் கீழே கொண்டுவரத் தீவிரமாக முயன்ற பிரிவில் மரணங்கள் அதிகம் நேர்ந்ததால், 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையைக் காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016இல் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கென்றே வெளியிட்ட அறிக்கையில், முதல் கவலை சர்க்கரை தாழாமல் காப்பதாக இருக்கட்டும், கடும் பத்தியங்களைத் தளர்த்துங்கள், அவ்வப்போதைய அளவுக்குத் தக்கபடி இன்சுலினை ஏற்றி இறக்கிக்கொண்டே போகும் பழைய முறையை மட்டும் நம்பியிராதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. 2019இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வகுத்த இலக்கின்படி, உடல் தளர்ந்த முதியவர் ஒருவருடைய சர்க்கரை நாளின் பாதிக்கு மேல் 70க்கும் 180க்கும் இடையில் இருந்தால் போதும்; 70க்குக் கீழே இருப்பது மட்டும் நூற்றில் ஒரு பங்குக்கும், அதாவது நாளில் கால் மணி நேரத்துக்கும், குறைந்ததாக இருக்க வேண்டும். மேலே போவதைப் பொறுத்துக்கொள், கீழே போவதைப் பொறுத்துக்கொள்ளாதே என்பது இதன் சாரம்.

ஏன் இந்தத் தளர்வு என்று கேட்டால், சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதன் பலன் கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பது பதில். தள்ளாத வயதில் தென்னங்கன்று வைக்கிறவரை நாம் புகழ்கிறோம், இளநீரைப் பேரன் குடிப்பான் என்பதால். இந்தக் கன்றின் காயையோ, நட்டவரைத் தவிர வேறு எவரும் பறிக்க முடியாது. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வதை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறவர்களையும் நான் கேட்டிருக்கிறேன். அந்த உபதேசம் வில்லைக் கையில் ஏந்தியவனுக்குச் சொல்லப்பட்டது. அம்பு தைக்கிறவரிடம் போய், பலனை எதிர்பாராமல் தைத்துக்கொள் என்று சொல்ல அதில் இடமில்லை.

பிளேட்டோ தம்முடைய 'குடியரசு' நூலின் மூன்றாம் பகுதியில் ஹெரோடிகஸ் என்னும் ஒருவனைப் பற்றிச் சொல்லுகிறார். தேகப்பயிற்சி ஆசானாக இருந்த அவன், தீராத நோய் ஒன்று வந்தபின், பயிற்சியையும் வைத்தியத்தையும் கலந்து ஒரு முறை உண்டாக்கி, முதலில் தன்னையும் பிறகு மற்றவர்களையும் வதைத்தானாம். நோயையே பார்த்துக்கொண்டு, பத்தியத்திலிருந்து அணுவளவு விலகினாலும் துன்பப்பட்டு, சாவை நீளமாக்கிக்கொண்டே கிழவனானான் என்று ஏளனம் செய்கிறார். தச்சன் ஒருவனிடம் நீண்ட பத்தியம் சொன்னால், எனக்கு நோயாளியாக இருக்க அவகாசமில்லை என்று எழுந்து வேலைக்குப் போய்விடுவான் என்றும் சொல்லுகிறார். படிக்கும்போது உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் போய்ச் சேரும் இடம் பயங்கரமானது: தனக்கும் நகரத்துக்கும் பிரயோஜனப்படாத உடம்பை நீட்டிவைப்பதில் அர்த்தமில்லை என்று அவர் முடிக்கிறார். முதியோர் இல்லத்தில் உட்கார்ந்திருப்பவர்களுள் நகரத்துக்குப் பிரயோஜனமானவர் எத்தனை பேர்? அந்த அளவுகோலை உள்ளே விட்டால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். வேலைகளெல்லாம் முடிந்தபின் எஞ்சியிருக்கும் வாழ்வுக்கும் ஓர் ஆசிரமம் வகுத்துக் கொடுத்த நம் நாட்டார், இந்த விஷயத்தில் அந்தக் கிரேக்க ஞானியைக் காட்டிலும் விசாலமான மனம் படைத்தவர்கள் என்றே எனக்குப் படுகிறது. உடம்பை இழிவென்று எண்ணியிருந்து, பின்பு அதனுள்ளே இறைவன் குடியிருக்கக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் சொல்லும்போது, அந்த உடம்பு யாருக்கு என்ன உழைத்துக்கொடுக்கிறது என்ற விசாரணையே அங்கு எழவில்லை.

எனக்கு இதைவிடவும் பொருத்தமாகத் தோன்றுவது காளிதாசனுடைய குமாரசம்பவத்தில் வரும் ஒரு கட்டம். பார்வதி கடுந்தவத்தில் இருக்கிறாள். சிவன் பிரமசாரி வேடத்தில் வந்து குசலம் விசாரிக்கிறான். நீராடத் தகுந்த நீர் கிடைக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, உன் சக்திக்கு உட்பட்டுத்தான் தவம் செய்கிறாயா என்று கேட்டு, தருமத்துக்கெல்லாம் முதல் கருவி சரீரமே என்று நினைவூட்டுகிறான். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தனியே பிடுங்கி வைத்தியசாலைச் சுவர்களில் எழுதிவைத்திருக்கிறோம். கட்டுப்பாடு தளரக்கூடாது என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டுகிறோம். கதையிலோ அது கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லும் வாக்கியம். விரதத்தை மிகைப்படுத்தாதே, உன் தேகபலத்தைப் பார்த்துக்கொள் என்று, தவம் இருப்பவளையே விசாரித்துச் சொன்ன சொல்.

விசாரிக்கப்பட்டவள் தானே அந்தத் தவத்தைத் தேர்ந்தவள் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் சமயங்களில் உபவாசமும் பத்தியமும் உடலை ஒறுத்தலும் எவ்வளவோ பெருமை பெற்றிருக்கின்றன. சமணர் சல்லேகனை, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது போன்ற இறுதித் துறவுகளும் போற்றப்பட்டிருக்கின்றன. அவை அனைத்தும், மேற்கொள்கிறவருடைய சங்கற்பத்தால் உயிர் பெற்றவை. சங்கற்பத்தை எடுத்துவிட்டால், பாயசம் இல்லாத சாப்பாடும் நாளுக்கு நான்கு தடவை ஊசியும் என்ன ஆகின்றன? ஐம்பது வயதில், தன் கண்ணையும் காலையும் காத்துக்கொள்ளும் உறுதியோடு அதே மூதாட்டி இனிப்பை விட்டபோது, அது தவம் என்னும் பெயருக்கு முழுத் தகுதியும் உடையது. 86 வயதில் ஏன் என்று அறியாமல் அவர்மேல் ஏற்றப்படும் அதே பத்தியத்துக்கு வெளித்தோற்றம் மாறவில்லை, ஆனால் தவசி அங்கே இல்லை, எஞ்சுவது தண்டனை. கணவரின் நினைவு நாளன்று பக்கத்து இலைகளிலெல்லாம் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்து அவருடைய இலையை மட்டும் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். அவர் கேட்கவில்லை, இலையின் அந்த மூலையை விரலால் இரண்டு முறை தடவிவிட்டுச் சாதத்தைப் பிசைந்தார். இரண்டு கரண்டிப் பாயசத்தால் அந்தச் சர்க்கரை அன்று பிற்பகல் 240 ஆகியிருக்கும், மறுநாள் இறங்கியிருக்கும்.

இங்கே ஒரு தடுப்புச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சோம்பேறித்தனம் தத்துவ வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்துவிடும். "வயசாயிடுச்சு, இனிமே என்ன சுகர் பாத்து" என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் பிள்ளைகளையும், ஆள் போதாமையைக் கருணையாகக் காட்டும் நிர்வாகங்களையும் நான் அறிவேன். இரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டினால், ஏறக்குறைய அந்த இடத்தில், சிறுநீரில் வழியத் தொடங்குகிறது. அதனால் இரவில் பல தடவை எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் இருட்டில் விழ வேண்டும். நா வறளும், தாகத்தைச் சொல்லத் தெரியாதவருக்கு உடலின் நீர் வற்றி நினைவு தப்பும் நிலையும் வரும். பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கும் முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு, மரணப் படுக்கையிலும்கூடச் சிறிதளவு இன்சுலின் நிற்கக்கூடாது. ஆகவே, கர்மபலன் என்றும் விதி என்றும் சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வது ஒருக்காலும் துறவாகாது. தன்னுடையதைத் துறக்கத்தான் மனிதனுக்கு அதிகாரம் உண்டு. பிறருடைய தேகத்தை அவருக்குப் பதிலாக நான் துறந்துவிட்டேன் என்று சொல்ல எந்தச் சாஸ்திரமும் எவருக்கும் உரிமை கொடுக்கவில்லை. பிறருக்காகத் தவம் செய்விப்பதும் பிறருக்காகத் துறந்துவிடுவதும் ஒரே வரம்பு மீறலின் இரண்டு வடிவங்கள்.

இப்போது குத்தாமல் பார்க்கும் உபாயமும் வந்துவிட்டது. மேற்கையின் பின்புறத்தில் நாணயம் அளவு வில்லை ஒன்றை ஒட்டிவிட்டால், இரண்டு வாரம் வரையில் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அளவைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வசதியுள்ள குடும்பங்களில் இந்த அளவு கடல் கடந்து பிள்ளையின் கைப்பேசிக்குப் போகிறது. ஊசியின் எண்ணிக்கை குறைகிறதே என்று நான் இதை வரவேற்கிறேன், வேறொன்றையும் கவனித்தேன். அந்தக் கையை அடியில் வைத்துப் படுத்தால், வில்லை அமுங்கி, சர்க்கரை இறங்காமலே இறங்கியதாகக் காட்டும். நள்ளிரவில் அப்படிக் காட்டியதும் வெளிநாட்டிலிருந்து மகன் அழைக்கிறார். இரவு ஆயா போய் மூதாட்டியை உலுக்கி எழுப்பி, விரலில் குத்திப் பார்த்து, 130 என்று சொல்லி, மகனைத் தூங்க வைக்கிறாள். மூதாட்டிதான் விடியும்வரை தூங்கவில்லை. அந்த மகனை நான் நையாண்டி செய்யவில்லை. வர முடியாத தூரத்தில் இருப்பவருக்கு அந்த எண் ஒன்றுதான் தாயின் ஸ்பரிசமாக இருக்கிறது. ஆயினும் அளவு பார்ப்பது யாருடைய துன்பத்தைத் தணிக்கிறது என்று கேட்டால், பல சமயம் அது அளக்கப்படுகிறவருடைய துன்பமாக இருப்பதில்லை. மகனுடைய மனச்சாட்சி, நிர்வாகியின் வழக்குப் பயம், மருத்துவரின் பழக்கம் ஆகிய மூன்றுக்கும் நிவேதனமாக அந்த விரல் போகிறது.

கிறிஸ்தவ இறையியலாளர்கள் இதே முடிச்சை உணவை வைத்தே அவிழ்க்க முயன்றார்கள் என்பது நம்மவருக்கு அதிகம் தெரியாத செய்தி. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துச் சலமாங்கா சர்வகலாசாலையில் இருந்த பிரான்சிஸ்கோ தே விட்டோரியா என்னும் துறவி, பசியே அற்றுப்போய், ஒரு கவளமும் சித்திரவதையாக இருக்கிற நோயாளி உண்ணாமல் இருந்தால் அது பாவமா என்று கேட்டு, பாவமில்லை என்றார். உயிரை நீட்டுவதற்காகக் கோழிக்கறியும் உயர்ந்த பண்டங்களும் தேடி உண்ண வேண்டிய கடமையும் எவருக்கும் இல்லை, எல்லோரும் உண்ணும் சாதாரண உணவே போதும் என்றார். அந்தப் பரம்பரையில் வந்த போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், 1957இல் மயக்க மருந்து நிபுணர்கள் முன்னிலையில் பேசும்போது, ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ற சாதாரண சாதனங்களைக் கைக்கொள்வதே கடமை, தனக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகிறவற்றைக் கைக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை என்று விளக்கினார். திருக்குறளில் மருந்துக்கென ஒதுக்கப்பட்ட அதிகாரமும், நோயாளியின் நிலை, நோயின் தன்மை, பருவம் என்னும் மூன்றையும் எண்ணிப் பார்க்கும்படியே வைத்தியனுக்குச் சொல்கிறது. ஒரே லான்செட், ஐம்பது வயதுக்காரருக்குச் சாதாரண சாதனம். காரணம் மறந்த 86 வயதுக்காரிக்கு நாளுக்கு நான்கு என்ற கணக்கில் அது அசாதாரணமாகிவிட்டிருக்கலாம். கருவி மாறவில்லை, ஆள் மாறிவிட்டார்.

அதே அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்து, நோயாளி, வைத்தியன், மருந்து ஆகியவற்றோடு பக்கத்திலிருந்து பணிவிடை செய்கிறவனையும் ஒரு கூறாக வைக்கிறது. பௌத்தரின் மகாவக்கத்திலும் இதற்கு ஒரு கதை உண்டு. வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்ஷுவைப் புத்தர் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையாலேயே கழுவிக் கிடத்திவிட்டு, எனக்குப் பணி செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குப் பணி செய்யட்டும் என்று சங்கத்துக்கு அறிவித்தாராம். நல்ல பரிசாரகனுடைய இலக்கணத்தைச் சொல்லும்போது, நோயாளிக்கு எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிந்திருப்பதையும் அதில் சேர்த்தாராம். நம் இல்லங்களில் இந்த ஞானம் யாரிடம் இருக்கிறது? நான் சொன்ன இல்லத்தில் அது ஆயாவிடம் இருக்கிறது. "காலைல குத்துன அன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு சாப்பிட மாட்டாங்க சார், குத்தாத அன்னிக்கு ரெண்டு கரண்டி கூட எறங்கும்" என்று அவள் என்னிடம் சொன்னாள். ஊசியே சாப்பாட்டைக் கெடுத்து, கெட்ட சாப்பாடே சர்க்கரையை இறக்கி, இறங்கிய சர்க்கரையே அடுத்த ஊசிக்குக் காரணமாகிறது என்னும் முழு வட்டமும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் அதை எழுத ஒரு பத்தி கிடையாது.

ஞாபகம் இருக்கும்போதே வந்து சேர்கிறவர்களிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். சேர்க்கைப் படிவத்தில் இரத்த வகை கேட்கிறார்கள், பணம் கட்டுபவரின் தொலைபேசி எண் கேட்கிறார்கள். எந்த நிலை வரையில் உங்களைக் குத்திப் பார்க்கலாம், எந்தப் பண்டத்தை என்ன ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று கேட்பதில்லை. 2018இல் நம் உச்ச நீதிமன்றம், இறுதி நிலைச் சிகிச்சையைக் குறித்து ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்பத்தை அங்கீகரித்தது. சுவாச யந்திரத்தைப் பற்றிய பேச்சு அது. பாயசமும் லான்செட்டும் சட்டத்தின் கண்ணுக்குச் சிறியவை. ஞாபகம் போனபின் வந்தவர்கள் விஷயத்தில், அவர்கள் என்ன விரும்பியிருப்பார்கள் என்று பிறர் ஊகிப்பதைத் தவிர வழியில்லை. அந்த ஊகத்தில் பணம் அனுப்புகிறவருடைய குரலைவிடச் சோறு ஊட்டுகிறவருடைய குரலுக்கு எடை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மருத்துவர் வாரம் ஒருமுறை புதன்கிழமை வருகிறார். அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தோடு ஆயாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் என்ன என்று நிர்வாகியிடம் சொன்னேன். நல்ல யோசனைதான், ஆனால் புதன்கிழமை பதினோரு மணிக்கு ஆயா இந்தப் பக்கம் வந்துவிட்டால் மாடியில் படுத்த படுக்கையாக இருக்கிற மூன்று பேருக்கு யார் கஞ்சி கொடுப்பது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவரைப் பதினோரு மணிக்குப் பதிலாகப் பன்னிரண்டரைக்கு வரச் சொல்ல முடியுமா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.